நிழல்களின் படை

படை என்று சொன்ன அளவில் நம் மனக்கண்முன் சில பொருள்கள் வந்து நிற்கின்றன. கொடி உண்டு, முரசு உண்டு, ஒரே நிறச் சீருடையும் ஒரே சீரான நடையும் உண்டு. வென்று திரும்பினால் மாலையும் விருதும் உண்டு. களத்தில் வீழ்ந்தால் பெயர் பொறித்த கல் உண்டு. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஒரு படை, 1940 முதல் 1944 வரை பிரெஞ்சு நாட்டில் போரிட்டது. அதற்குக் கொடி இல்லை, பாசறை இல்லை, சம்பளம் இல்லை. அதன் வீரருள் பலர் ஒருவரை ஒருவர் அறியார். அறிந்தவரும் தம் தோழரின் உண்மைப் பெயரை அறியார். அப்படையைப் பற்றி 1943-இல் எழுதப்பட்ட நூல் ஒன்றும், 1969-இல் எடுக்கப்பட்ட திரைப்படம் ஒன்றும் ஒரே பெயரைத் தாங்கியுள்ளன. 'நிழல்களின் படை' என்பது அப்பெயர். நூலை எழுதியவர் ஜோசப் கெசல். படத்தை எடுத்தவர் ழான் பியேர் மெல்வில். அந்தப் படத்தைத் துணையாகக் கொண்டு, அதன் பின்னணியில் உள்ள வரலாற்றைச் சிறிது காண்போம்.

1940-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் மேற்கு நோக்கிப் புறப்பட்டன. ஐரோப்பாவிலேயே வலிமை மிக்க தரைப்படை எனக் கருதப்பட்ட பிரெஞ்சுப் படை ஆறே வாரங்களில் நிலைகுலைந்தது. ஜூன் 14-ஆம் நாள் ஜெர்மானியர் பாரிஸ் மாநகருட் புகுந்தனர். ஜூன் 22-ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முதல் உலகப்போரில் வெர்தன் களத்தில் பெரும்புகழ் ஈட்டிய மார்ஷல் பெத்தேன், தமது 84-ஆம் வயதில் நாட்டின் தலைமையை ஏற்றார். விஷி என்னும் சிற்றூரில் அவருடைய அரசு அமைந்தது. நாட்டின் வடபகுதியும் மேற்குக் கடற்கரையும் ஜெர்மானியர் கையில் இருந்தன. தென்பகுதி விஷி அரசின் ஆட்சியில் இருந்தது. 1942 நவம்பர் 11-ஆம் நாள் ஜெர்மானியர் தெற்கையும் பிடித்துக்கொண்டனர்.

தோல்வி எல்லா நாடுகளுக்கும் வருவதுதான். ஆனால் பிரெஞ்சு மக்களுக்கு வந்த சோதனை வேறு வகையானது. பகைவனுக்குப் பணிந்துபோகுமாறு கூறியவன் பகைவன் மட்டும் அல்லன். அந்நாட்டின் போற்றப்பெற்ற வீரரே அவ்வாறு கூறினார். சட்டமும், காவலரும், நீதிமன்றமும், அரசு அலுவலரும் அவர் பக்கம் நின்றனர். எதிர்த்து நிற்க விரும்பியவன் முதலில் தன் நாட்டுச் சட்டத்தையே மீற வேண்டியிருந்தது. இக்காரணத்தினாலேயே அவன் நிழலானான்.

எதிர்ப்பின் முதற்குரல்களுள் ஒன்று வானொலி வழியே வந்தது என்பது இப்பேச்சைக் கேட்போர்க்கும் படிப்போர்க்கும் உவப்பளிக்கும் செய்தியாகும். 1940 ஜூன் 18-ஆம் நாள், அன்று பலரும் அறியாத டி கால் என்னும் படைத்தலைவர், இலண்டன் வானொலி நிலையத்திலிருந்து தம் நாட்டினரை நோக்கிப் பேசினார். போர் இன்னும் முடியவில்லை என்பதே அவர் பேச்சின் கருத்து. அதைக் கேட்டவர் மிகச் சிலர். எனினும் அந்நாள்முதல் இலண்டன் வானொலி பிரெஞ்சு இல்லங்களில் இரகசியமாக ஒலிக்கத் தொடங்கியது. அதைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கதவையும் சன்னலையும் அடைத்து, ஒலியைக் குறைத்து, பெட்டியோடு காதை ஒட்டி வைத்து மக்கள் கேட்டனர். நாளடைவில் செய்திகளுக்கு இடையே பொருளற்றவை போன்ற சிறு வாக்கியங்கள் படிக்கப்பட்டன. கேட்போர்க்கு அவை பிதற்றல். குறிப்பறிந்த ஒரு சிலர்க்கோ, இன்றிரவு இந்த வயலில் வானூர்தி இறங்கும், ஆயுதம் வரும் என்னும் செய்தி.

இந்த இயக்கத்தினர் செய்த பணிகள் யாவை? துண்டு அறிக்கைகளையும் செய்தித்தாள்களையும் மறைவாக அச்சிட்டுப் பரப்பினர். போலி அடையாளச் சீட்டுகள் செய்தனர். சுட்டு வீழ்த்தப்பட்ட நேசநாட்டு விமானிகளை ஒளித்து வைத்து, ஸ்பெயின் எல்லையைக் கடக்க உதவினர். ஜெர்மானியப் படையின் நடமாட்டத்தை வானொலிக் கருவி வழியே இலண்டனுக்கு அறிவித்தனர். இருப்புப் பாதைகளையும் தொழிற்சாலைகளையும் சிதைத்தனர். பேராசிரியர், அச்சுத் தொழிலாளி, பாதிரியார், உழவர், பள்ளி ஆசிரியை, இரயில்வே ஊழியர் எனப் பலதிறத்தாரும் இதில் இருந்தனர். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அவர்கள் தொகை மிகக் குறைவு. நான்கு கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் அவர்கள் ஒரு கைப்பிடி அளவினரே.

சிதறிக் கிடந்த அச்சிறு குழுக்களை ஒன்றுபடுத்தியவர் ழான் மூலேன். அவர் மாவட்ட ஆட்சித் தலைவராகப் பணியாற்றியவர். 1940 ஜூனில், பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த ஆப்பிரிக்க வீரர்கள்மீது பொய்ப்பழி சுமத்தும் தாள் ஒன்றில் கையொப்பமிடுமாறு ஜெர்மானிய அதிகாரிகள் அவரை அடித்துத் துன்புறுத்தினர். எங்கே தளர்ந்துபோய் இணங்கிவிடுவோமோ என்று அஞ்சிய அவர், தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டார். தெய்வாதீனமாகப் பிழைத்தார். பின்னர் இலண்டன் சென்று டி காலைக் கண்டு, 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வான்குடை வாயிலாகத் தாய்நாட்டில் இறங்கினார். 1943 மே 27-ஆம் நாள் பாரிஸில் எதிர்ப்பு இயக்கங்களின் தேசிய மன்றத்தை முதன்முறையாகக் கூட்டினார். அதற்கு ஒரு மாதம் செல்லுமுன், ஜூன் 21-ஆம் நாள், லியோன் நகரை அடுத்த கலுயீரில் பிடிபட்டார். கொடிய சித்திரவதைக்கு உள்ளாகியும் அவர் வாய் திறக்கவில்லை. ஜூலை 8-ஆம் நாள், ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிர் நீத்தார்.

மூலேனுடைய வாழ்க்கை ஓர் உண்மையை நமக்கு உணர்த்துகிறது. அப்படையின் முதன்மையான ஆயுதம் துப்பாக்கி அன்று. மௌனமே அதன் ஆயுதம். ஆனால் மௌனம் காப்பது மனித உடலுக்கு எளிதன்று என்பதை இயக்கத்தினர் நன்கு அறிந்திருந்தனர். ஆதலால், பிடிபட்டவர் எவரும் பேசிவிடக்கூடும் என்னும் எண்ணத்தின்மேலேயே தம் அமைப்பைக் கட்டினர். ஒருவருக்குத் தேவையான அளவுக்கு மேல் எதுவும் தெரியக்கூடாது. பெயர் மாற வேண்டும். இருப்பிடம் மாற வேண்டும். பிடிபட்டவர் ஓரிரு நாளேனும் தாக்குப்பிடித்தால், அதற்குள் ஏனையோர் இடம் மாறிவிடலாம். நம்பிக்கையை உயிராகக் கொண்ட ஒரு கூட்டம், ஐயத்தை விதியாகக் கொண்டு வாழ வேண்டியிருந்தது. மெல்வில் எடுத்த படத்தின் உட்பொருள் இந்த முரண்பாடே.

நூலாசிரியர் கெசல் 1898-இல் அர்ஜென்டினாவில், ரஷ்ய யூதப் பெற்றோர்க்குப் பிறந்தவர். முதல் உலகப்போரில் விமானப் படையில் பணியாற்றிப் பின் புகழ்பெற்ற இதழாளராகவும் நாவலாசிரியராகவும் விளங்கினார். பிரனீசு மலைகளைக் கடந்து இலண்டனை அடைந்து, அங்கு வந்துசேர்ந்த இயக்கத்தினர் கூறிய செய்திகளைக் கேட்டு இந்நூலை எழுதினார். 1943-இல் அல்ஜியர்ஸில் இது வெளியாயிற்று. இதில் கற்பனை ஏதும் இல்லை என்றும், ஆனால் உயிரோடு இருப்போரைக் காக்கும்பொருட்டுப் பெயரும் இடமும் மாற்றப்பட்டுள்ளன என்றும் முன்னுரையில் அவர் தெரிவித்தார். போர் முடியுமுன், வெற்றி இன்னார்க்கு என்று தெளியுமுன் எழுதப்பட்டது என்பது இந்நூலின் தனிச்சிறப்பாகும்.

மெல்வில் 1917-இல் பாரிஸில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயர் குரும்பாக். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்விலின்மீது கொண்ட பற்றினால் அவர் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். அவரும் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். பின் சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இத்தாலியக் களத்தில் போரிட்டவர். அவருடைய தமையனார் 1942-இல் பிரனீசு மலைகளைக் கடக்கும் வழியில் உயிரிழந்தார். 1943-இல் இலண்டனில் கெசலின் நூலைப் படித்த மெல்வில், அதைப் படமாக்க வேண்டும் என்று எண்ணினார். எண்ணம் ஈடேற இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இளமைச் சினம் தணிந்து, நினைவு மட்டும் எஞ்சி நின்ற வயதில் எடுத்தமையால்தான் போலும், படத்தில் ஆரவாரம் சிறிதும் இல்லை. வானம் சாம்பல் நிறம். தெருக்கள் நீலம் பாய்ந்த கருமை. பேச்சு மிகக் குறைவு.

கதை 1942 அக்டோபரில் தொடங்குகிறது. அதன் நாயகர் ழெர்பியே என்னும் பொறியாளர். லினோ வெந்துரா என்னும் நடிகர் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். மழையில் நனைந்த பாதையில் அவரைக் கைவிலங்கிட்டு ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்கின்றனர். கொண்டு செல்வோர் ஜெர்மானியர் அல்லர், பிரெஞ்சுக் காவலர். ஜெர்மானியக் கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட அம்முகாமில் இப்போது பிரெஞ்சு மக்களே அடைபட்டுக் கிடக்கின்றனர். தோற்றுப்போன நாட்டின் நிலையை இந்த ஒரு காட்சியே விளக்கிவிடுகிறது.

பின்னர்ப் பாரிஸில் கெஸ்டபோ என்னும் இரகசியப் போலீசாரின் காவலிலிருந்து ழெர்பியே தப்பி ஓடுகிறார். இரவில் திறந்திருந்த ஒரு முடிதிருத்தும் கடையில் நுழைந்து, முகம் மழிக்குமாறு கூறி அமர்கிறார். கடையின் சுவரில் பெத்தேனைப் போற்றும் விளம்பரத் தாள் ஒட்டப்பட்டுள்ளது. கத்தி கழுத்தருகே வருகிறது. கடைக்காரர் எத்தகையவர்? காட்டிக்கொடுப்பாரா? ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்ததும் கடைக்காரர் உள்ளே சென்று, வேறு நிறமுள்ள பழைய மேலங்கி ஒன்றைக் கொணர்ந்து கொடுக்கிறார். அவ்வளவே. அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர் மீண்டும் வருவதும் இல்லை. எதிர்ப்பு இயக்கம் இத்தகைய பெயரறியா மாந்தர் பலரால் தாங்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அடுத்த காட்சி நெஞ்சை நடுங்கச் செய்வது. தம்மைக் காட்டிக்கொடுத்த தூனா என்னும் இளைஞனைத் தோழர்கள் மார்சேய் நகரில் ஒரு வாடகை வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர். சுட்டுக் கொல்வதே திட்டம். ஆனால் மெல்லிய சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டில் ஆட்கள் குடிவந்துவிட்டனர், வெடியோசை கேட்கும். என்ன செய்வது என்று அவன் எதிரிலேயே கூடிப் பேசுகின்றனர். இறுதியில் துண்டினால் கழுத்தை நெரித்துக் கொல்கின்றனர். அவர்களுள் எவனும் அதற்குமுன் அவ்வாறு கொன்றவன் அல்லன். இளைஞனின் கண்களில் நீர் வழிகிறது. கொல்வோரின் முகங்களிலும் உயிர் இல்லை. போர்ப் படங்களில் துரோகிக்குக் கிடைக்கும் தண்டனையைக் கண்டு நாம் மகிழ்வது வழக்கம். இங்கோ மகிழ்ச்சிக்குச் சிறிதும் இடமில்லை. இயக்கத்தினர் காட்டிக்கொடுப்போரைக் கொன்றனர் என்பது வரலாற்று உண்மை. அவ்வுண்மையை மறைக்காமலும், பெருமையாக்காமலும் படம் நம்முன் வைக்கிறது.

லூக் ழார்தி, ழான் பிரான்சுவா என்னும் உடன்பிறந்தார் இருவர் கதையில் வருகின்றனர். தமையன் நூல்களிடையே வாழும் அறிஞர். தம்பி துணிச்சல் மிக்க இளைஞன். ஓரிரவு இயக்கத்தின் தலைவர் இலண்டன் செல்ல, நீர்மூழ்கிக் கப்பல் வரை அவரைப் படகில் கொண்டு சேர்க்கிறான் தம்பி. இருளில் அமர்ந்திருக்கும் அத்தலைவர் தன் தமையனே என்பதை அவன் அறியவில்லை. பின்னர்ப் பெலிக்ஸ் என்னும் தோழர் லியோனில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகிறார். அவருக்கு உதவும்பொருட்டு, ழான் பிரான்சுவா தன்னைப் பற்றித் தானே ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் பிடிபடுகிறான். தோழர்களோ, அவன் அஞ்சி விலகிவிட்டான் என்றே எண்ணுகின்றனர். மீட்கும் முயற்சி தோற்கிறது. அவனிடம் இருப்பது ஒரே ஒரு நஞ்சு மாத்திரை. தன்னிடம் மேலும் உள்ளன என்று பொய் சொல்லி அதைப் பெலிக்ஸுக்குக் கொடுத்துவிடுகிறான். அவன் செய்த தியாகத்தை அவன் தமையன் அறியவில்லை. தோழர் எவரும் அறியவில்லை. சாட்சி இல்லாத தியாகம் எத்தனை நிகழ்ந்திருக்கும் என்று எண்ணும்போது, வரலாற்று ஏடுகள் எவ்வளவு குறையுடையவை என்பது விளங்குகிறது.

படத்தின் மையமாக விளங்குபவள் மத்தில்து. சிமோன் சிஞோரே இப்பாத்திரத்தில் நடித்துள்ளார். அவள் ஒரு சாதாரண இல்லத்தரசி. அவள் செய்யும் பணியைக் கணவனோ மகளோ அறியார். திட்டமிடுவதில் அவளுக்கு நிகர் எவரும் இல்லை. ஜெர்மானியத் தாதியின் உடையில் சிறைவாயில் வரை செல்லும் துணிவும், சுடப்படவிருந்த ழெர்பியேயைக் கடைசி நொடியில் கயிறு வீசி மீட்கும் திறமையும் அவளிடம் உண்டு. அவளிடம் உள்ள குறை ஒன்றே. மகளின் நிழற்படத்தைக் கைப்பையில் வைத்திருக்கிறாள். அதை எடுத்துவிடுமாறு ழெர்பியே எச்சரிக்கிறார். அவளால் இயலவில்லை. அவள் பிடிபடும்போது அப்படம் பகைவர் கையில் சிக்குகிறது. தோழர்களைக் காட்டிக்கொடு, இல்லையேல் உன் மகளை இழிந்த வாழ்வுக்குத் தள்ளுவோம் என்கின்றனர். தன் உடலை வதைத்திருந்தால் தாங்கியிருப்பாள். தாய்மையை வதைத்தபோது அவள் என்ன செய்வாள்?

அவள் விடுவிக்கப்படுகிறாள்; தோழர் சிலர் பிடிபடுகின்றனர். எஞ்சியோர் கூடி, அவளைக் கொல்ல வேண்டும் என முடிவு செய்கின்றனர். அவளால் உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். ஒருவன் மறுக்கிறான், இத்தகைய பெண்ணைக் கொல்லேன் என்கிறான். அப்போது அறிஞர் ழார்தி ஒரு விளக்கம் கூறுகிறார்: தற்கொலை செய்துகொண்டால் மகளுக்குத் தீங்கு நேரும் என்பதால், நம் கையால் சாவதையே அவள் விரும்புகிறாள்; அதற்காகவே வெளியே வந்திருக்கிறாள் என்கிறார். அது உண்மையா, அல்லது தம் மனச்சான்றைத் தேற்றிக்கொள்ளும் சொல்லா? அவருக்கே உறுதியில்லை. 1943 பிப்ரவரியில் ஒரு நாள், பாரிஸ் தெருவில் அவளைச் சுடுகின்றனர். காரிலிருந்து அவர்கள் தன்னை நோக்குவதை அவளும் நோக்குகிறாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்பதைப் படம் நமக்குச் சொல்லவில்லை.

மாணவ நண்பர்கள் இங்குச் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். நியாயமான போரில் நியாயமற்ற செயல் நேர்ந்தால் அதை எவ்வாறு மதிப்பிடுவது? அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பது எளிது. விடை கூறுவது அரிது. கொடுங்கோன்மையின் பெருங்கேடு அது கொல்லும் உயிர்களோடு முடிவதில்லை. நல்லவர்களையும் கொலை செய்யும் நிலைக்கு அது தள்ளிவிடுகிறது. பகைவன் அழித்த வீடுகளை மீண்டும் கட்டலாம். தோழியைச் சுட்ட கையை எந்த வெற்றியும் கழுவாது.

இவை யாவும் கதைதானே என்று கருதுவோர்க்கு வரலாறு விடையளிக்கிறது. 'போராட்டம்' என்னும் பெயரிய இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பெர்த்தி அல்பிரெக்ட் என்னும் பெண்மணி, 1943 மே மாத இறுதியில் பிடிபட்டுப் பாரிஸை அடுத்த பிரேன் சிறையில் தூக்கிட்டு உயிர் துறந்தார். இதழாளர் பியேர் புரோசோலெத், 1944 மார்ச் 22-ஆம் நாள், சித்திரவதையினால் பேசிவிட நேருமோ என அஞ்சிக் கெஸ்டபோ மாளிகையின் சன்னலிலிருந்து குதித்து மாண்டார். வெற்றி கண்டவரும் உண்டு. லியோன் நகரில் வரலாற்றாசிரியையாகப் பணிபுரிந்த லூசி ஓபிராக், 1943 அக்டோபர் 21-ஆம் நாள், கருவுற்ற நிலையிலும் தோழர்களோடு சென்று ஜெர்மானியர் வண்டியைத் தாக்கித் தம் கணவரை மீட்டார். இப்பெண்களுக்கு அக்காலத்தில் தம் நாட்டில் வாக்குரிமையும் இல்லை. 1944 ஏப்ரலில்தான் அவ்வுரிமை வழங்கப்பட்டது. விடுதலைக்காகத் தொண்டாற்றியோர்க்கு டி கால் வழங்கிய உயர்ந்த விருதைப் பெற்ற 1,038 பேருள் பெண்கள் அறுவர் மட்டுமே. அறுவருள் பெர்த்தி அல்பிரெக்ட் ஒருவர்.

அறிஞர் ழார்தி எழுதியவை என்று படத்தில் காட்டப்படும் நூல்களின் பெயர்கள் கற்பனையானவை அல்ல. அவை ழான் கவாயே என்னும் தத்துவப் பேராசிரியர் எழுதிய நூல்களின் பெயர்கள். கணிதத்தின் அடிப்படைகளை ஆராய்ந்தவர் அவர். உளவுக்குழு ஒன்றையும் நடத்தியவர். 1942-இல் சிறையில் இருந்தபோதே தருக்கவியல் பற்றிய ஆராய்ச்சி நூலொன்றை எழுதினார். அது அவர் மறைந்தபின் 1947-இல் வெளிவந்தது. தப்பியோடி இலண்டன் சென்று, மீண்டும் திரும்பி, 1943 ஆகஸ்டில் பிடிபட்டார். 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அராஸ் நகரக் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் அவர் உடல் கிடந்த குழி கண்டறியப்பட்டது. அதில் அவருக்கு இடப்பட்டிருந்த பெயர், 'அறியப்படாதவர், எண் 5'. எண்களின் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர், இறுதியில் தாமே ஓர் எண்ணாகிக் கிடந்தார்.

இப்படை பிரெஞ்சு மக்களால் மட்டும் ஆனதன்று; நம் நாட்டுத் தொடர்பும் இதற்கு உண்டு. புதுச்சேரி முதலிய பிரெஞ்சிந்தியப் பகுதிகள் 1940 செப்டம்பரிலேயே, ஆளுநர் லூயி போன்வேன் காலத்தில், டி காலின் பக்கம் சேர்ந்தன. பிரெஞ்சிந்தியாவின் மாஹேயிற் பிறந்து பாரிஸில் பயின்ற மிச்சிலோட் மாதவன், 1942 செப்டம்பர் 21-ஆம் நாள், மோன் வலேரியன் குன்றில் பிணைக்கைதிகள் பலரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். திப்பு சுல்தானின் வழியில் வந்த நூர் இனாயத் கான் என்னும் நங்கை, 1943 ஜூனில் வானொலிக் கருவி இயக்குநராகப் பிரான்சில் இறக்கப்பட்டார். சில நாட்களுக்குள் அவருடைய குழு முழுவதும் பிடிபடத் தொடங்கியபோதும், திரும்பிவர மறுத்து, இடம் மாறி இடம் மாறிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13-ஆம் நாள் டாக்கௌ முகாமில் கொல்லப்பட்டார்.

படத்தின் குறைகளையும் கூறுவது முறை. 1942 ஜூலையில் இரண்டே நாட்களில் பாரிஸ் வட்டாரத்தில் ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிரெஞ்சுப் போலீசாரே பிடித்தனர். போர்க்காலம் முழுவதிலும் பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட யூதர்கள் ஏறக்குறைய 76,000 பேர். அவர்களுள் உயிரோடு திரும்பியோர் மிகச் சிலரே. இப்பெருந்துயரம் படத்தில் இடம்பெறவில்லை. பிரெஞ்சு அரசின் பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ஷிராக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995-இல்தான். ஆயினும், நாடு முழுவதுமே எதிர்த்துப் போரிட்டது என்னும் இனிய கற்பனையை மெல்வில் கூறவில்லை. அவர் காட்டுவது சிலரை மட்டும். அவர்தம் தனிமையை மட்டும்.

படம் 1969 செப்டம்பரில் பாரிஸில் வெளியானபோது காலம் அதற்கு உகந்ததாக இல்லை. முந்தைய ஆண்டு மே மாதத்தில் மாணவர் கிளர்ச்சி நாட்டைக் குலுக்கியிருந்தது. 1969 ஏப்ரலில் டி கால் பதவி துறந்திருந்தார். அவரை ஒரு காட்சியில் மதிப்போடு காட்டியமையால், இது பழைய தலைவரைப் போற்றும் படம் என்று இளைய திறனாய்வாளர் சிலர் எள்ளினர். மெல்வில் 1973-இல், தம் 55-ஆம் வயதில் காலமானார். அமெரிக்காவில் இப்படம் 2006-இல்தான் முதன்முதல் திரையிடப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த அயல்மொழிப் படமாக நியூயார்க் திறனாய்வாளர் குழு இதைத் தேர்ந்தெடுத்தது. படத்தை உணர்ந்து பாராட்ட முப்பத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன போலும்.

படத்தின் முடிவில், காரில் இருந்த நால்வரும் ஓராண்டுக்குள் எவ்வாறு மாண்டனர் என்பதைத் திரையில் தோன்றும் எழுத்துகள் அறிவிக்கின்றன. ஒருவன் நஞ்சுண்டு இறக்கிறான். ஒருவன் தலை துணிக்கப்படுகிறான். அறிஞர் ழார்தி சித்திரவதையில் ஒரே ஒரு பெயரை மட்டும் வெளியிட்டு உயிர் விடுகிறார். அது அவருடைய சொந்தப் பெயர். முன்னொருமுறை சுடுமிடத்தில் பகைவன் ஏவியபடி ஓடிய ழெர்பியே, அதற்காகத் தம்மைத்தாமே நொந்துகொண்டவர். இம்முறை ஓடுவதில்லை என முடிவு செய்கிறார். பாரிஸின் விடுதலையை, 1944 ஆகஸ்ட் 25-ஐ, அவர்களுள் ஒருவரும் காணவில்லை.

இங்கே ஒரு காலக்கணக்கை நாம் மறத்தல் கூடாது. கதை நிகழ்வது 1942 அக்டோபருக்கும் 1943 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட காலம். ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை சரணடைந்தது 1943 பிப்ரவரித் தொடக்கத்தில்தான். பிரெஞ்சு இளைஞரை ஜெர்மனியில் வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்திய சட்டமும் அதே மாதத்தில்தான் வந்தது. அதன் பின்னரே பல்லாயிரவர் காடுகளுக்கும் மலைகளுக்கும் ஓடி இயக்கத்தின் தொகையைப் பெருக்கினர். நம் கதை மாந்தரோ அதற்கு முற்பட்டவர்கள். வெற்றி வரும் என்று எண்ணுவதற்குக் கண்கண்ட காரணம் எதுவும் இல்லாத நாட்களில் அவர்கள் தம் கடமையைத் தொடங்கினர். வெற்றி உறுதியானபின் வீரராவோர் பலர். தோல்வியே கண்முன் நிற்கும்போது வீரராவோர் சிலர்.

1964 டிசம்பர் 19-ஆம் நாள், ழான் மூலேனுடையவை எனக் கருதப்படும் சாம்பல், பிரெஞ்சு நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் வைக்கப்பட்டது. அவருடையவைதாம் என்று உறுதியாகக் கூற எவராலும் இயலவில்லை. அதனால் ஒரு குறையும் இல்லை. பெயர் அறியப்படாத ஒருவரின் சாம்பலாகவே அது இருப்பினும், அந்தப் படைக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் வேறில்லை. டி காலின் விருது பெற்ற 1,038 பேருள் இறுதியானவரான உபேர் ழெர்மேன் 2021 அக்டோபரில் மறைந்தார். நேரில் கண்டோரின் குரல்கள் அடங்கிக்கொண்டிருக்கின்றன. இனி அவர்களைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் படிப்போரும் கற்பிப்போருமே.

அவ்வாறு பேசும்போது அவர்களைத் தெய்வங்களாக்கிவிடுதல் எளிது. தெய்வங்களுக்கு அச்சம் இல்லை. ஆகவே தியாகமும் இல்லை. முடிதிருத்துபவரின் கை நடுங்கியிருக்கக்கூடும். மத்தில்து தன் மகளின் படத்தைக் கிழித்தெறிய முடியாதவளாக இருந்தாள். ழெர்பியே ஒருமுறை ஓடினார். அஞ்சியும், தவறியும், தம் செயலை எண்ணி வருந்தியும் அவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி, அவர்கள் தந்த விலையைக் குறைக்காமலும் அழகுபடுத்தாமலும் உள்ளவாறு நினைவிற் கொள்வதேயாகும்.